நிழலால் அறியப்படும் உலகங்கள்: கிரகணக் கணக்கு முதல் புறக்கோள் ஆய்வு வரை

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பிற்பகலில் சிங்கப்பூர் வானத்தில் கதிரவன் ஒரு வளையமாகத் தோன்றியது. மணி 1.20ஐக் கடந்த சில நிமிடங்களில், நிலவு கதிரவனின் நடுப்பகுதியை முழுவதும் மறைத்தது. விளிம்பு மட்டும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஒளிவளையமாக நின்றது. கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாகவும் யாழ்ப்பாணத்தின் வழியாகவும் கடல் கடந்து வந்த நிழல்தான் அன்று நம் தலைக்கு மேல் சென்றது.

அந்த இரண்டு நிமிடத்தில் கதிரவ வட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ 94 விழுக்காடு மறைந்திருந்தது. ஆயினும் பகல் இரவாகவில்லை. வெயில் சற்றே தணிந்தது போன்ற உணர்வுதான் பலருக்கும் ஏற்பட்டது. மெல்லக் குறையும் ஒளிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வது மனிதக் கண்ணின் இயல்பு. ஒளியை அளக்கும் கருவிக்கு அவ்வியல்பு இல்லை. எவ்வளவு ஒளி குறைந்தது, எந்த நொடியில் குறையத் தொடங்கியது, எந்த நொடியில் மீண்டது என்பவற்றை அது எண்களாகப் பதிவு செய்துவிடும்.

இந்த எண்களே இவ்வுரையின் பொருள். கதிரவனல்லாத பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறோம். இதுவரை உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களுள் பெரும்பாலானவற்றை எவரும் நேரில் கண்டதில்லை. தம் விண்மீனின் குறுக்கே அவை செல்லும்போது ஏற்படும் மிகச் சிறிய ஒளிக்குறைவே அவை இருப்பதை அறிவித்தது. உயிர் வாழத் தகுந்த உலகம் வேறெங்கேனும் உண்டா என்ற கேள்விக்கும் இன்று நாம் பெரும்பாலும் மறைப்புகளின் வழியாகவே விடை தேடுகிறோம். இந்த முறை எவ்வாறு வளர்ந்தது, அதனால் எவற்றை அறிய முடிந்தது, எந்த எல்லையில் அறிவு முடிந்து ஊகம் தொடங்குகிறது என்பவற்றை வரலாற்று முறையில் காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். விண்பொருள் ஒன்று மற்றொன்றை மறைப்பதையோ, ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழுவதையோ மறைப்பு என்கிறோம். கதிரவனுக்கும் நிலவுக்கும் நேரும் மறைப்பைக் கிரகணம் என்று வழங்குகிறோம். சிறிய வட்டமாகத் தோன்றும் ஒன்று பெரிய ஒளிவட்டத்தின் குறுக்கே புள்ளியாக நகர்ந்து செல்வது கடப்பு. பெயர்கள் வேறாயினும் இவற்றின் வடிவியல் ஒன்றே. மூன்று பொருள்கள் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. நடுவே நிற்பது ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கிறது.

1. முன்னறிந்து காத்திருந்த கடப்பு

கோள் ஒன்று கதிரவனின் குறுக்கே எந்த நாளில் செல்லும் என்று முதன்முதலில் கணித்து அறிவித்தவர் யோகான்னசு கெப்ளர். 1631ஆம் ஆண்டு நவம்பரில் புதனும் டிசம்பரில் வெள்ளியும் கதிரவனைக் கடக்கும் என்று அவர் முன்னறிவித்தார். தம் கணிப்பு மெய்ப்படுவதைக் காண அவர் உயிருடன் இல்லை, 1630இல் மறைந்தார். 1631 நவம்பர் 7ஆம் நாள் பாரிசு நகரில் பியேர் கசாந்தி புதனின் கடப்பைக் கண்டார். எதிர்பார்த்ததைவிட அது மிகச் சிறியதாக இருந்ததால், கதிரவனில் தோன்றும் கரும்புள்ளியோ என்று அவர் முதலில் ஐயுற்றார். கோளின் உண்மையான அளவைக் கடப்பு காட்டிவிடும் என்பது அன்று தெளிவாயிற்று.

வெள்ளியின் 1631ஆம் ஆண்டுக் கடப்பு ஐரோப்பாவில் தெரியவில்லை. 1639இல் மற்றொரு கடப்பு நிகழும் என்று கண்டறிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த இளைஞர் செரிமையா ஆரொக்சு. கெப்ளரின் கணக்கைத் தாமே திருத்தியமைத்து அவர் அம்முடிவுக்கு வந்தார். அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள், கதிரவன் மறைவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் இருக்கையில், தொலைநோக்கியின் வழியாகத் தாளில் வீழ்த்திய கதிரவ உருவத்தில் வெள்ளியின் கரிய வட்டத்தை அவர் கண்டார். அவருடைய நண்பர் வில்லியம் கிராப்டிரீயும் மான்செசுட்டர் அருகே அதனைக் கண்டார். அன்று அக்காட்சியைக் கண்டதாகப் பதிவு செய்தவர்கள் இவ்விருவர் மட்டுமே. ஆரொக்சு 1641ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 22 வயதில் காலமானார்.

1716இல் எட்மண்டு ஆலி ஒரு பெருந்திட்டத்தை முன்வைத்தார். வெள்ளியின் கடப்பைப் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து நேரம் குறித்துப் பார்த்தால், கதிரவனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணக்கிடலாம் என்பதே அத்திட்டம். 1761, 1769ஆம் ஆண்டுகளின் கடப்புகளுக்காகப் பல நாட்டு ஆய்வாளர்கள் உலகின் பல மூலைகளுக்குப் பயணமானார்கள். 1761இல் ரசியாவின் செயின்ட் பீட்டர்சுபர்க் நகரில் மிகையீல் லொமொனோசொவ், வெள்ளி கதிரவ விளிம்பைத் தொடும் இடத்தில் ஒளி புடைத்தெழுவதைக் கண்டதாக எழுதினார். வெள்ளியைச் சுற்றியுள்ள வளிமண்டலம் ஒளியை வளைப்பதே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். ஒரு கோளின் விளிம்பைத் தழுவி வரும் ஒளியிலிருந்து அதன் காற்றை அறியலாம் என்னும் எண்ணம் அவ்விளக்கத்தில் அடங்கியிருந்தது. அந்த எண்ணம் முழுப் பயன் தருவதற்கு இருநூற்று நாற்பது ஆண்டுகள் கடக்க வேண்டியிருந்தது.

2. புதுச்சேரியில் ஒரு கணக்கு

அப்பயணிகளுள் ஒருவருடைய வரலாறு தமிழ் மண்ணோடு பிணைந்தது. பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ சாந்தி 1761ஆம் ஆண்டுக் கடப்பைக் காணப் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். அவர் வந்து சேரும் முன்பே அந்நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டது. கடப்பு நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து பயனுள்ள அளவீடு எதையும் எடுக்க இயலவில்லை. மனம் தளராமல் எட்டாண்டுகள் கீழைக் கடல்களிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எதிர்பார்த்திருந்த அந்தக் காலைப்பொழுதில் மேகம் கதிரவனை மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பின்னரே வானம் தெளிந்தது. ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர்கள் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர்.

எனினும் அவருடைய புதுச்சேரி வாழ்க்கை வீண்போகவில்லை. கிரகணங்களைக் கணிக்கத் தமிழர் கையாண்ட முறையை அவர் அங்குக் கற்று, பின்னர் நூலில் விரிவாக எழுதினார். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைக் கொண்டு இரு முறைகளை அவர் ஒப்பிட்டார். உள்ளூர்க் கணக்கு 41 வினாடி குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த தோபியாசு மாயரின் அட்டவணையோ 68 வினாடி மிகுதியாக இருந்தது.

இச்செய்தி நமக்குப் பெருமை தருவதே. ஆனால் வரலாறு இதனோடு முடியவில்லை. 1825இல் சான் வாரன் என்பவர் 'கால சங்கலிதம்' என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அவர் சந்தித்திருந்தார். அவர் எழுத்து எதையும் பயன்படுத்தவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகக் கற்ற சொற்களில் பொதிந்திருந்த எண்களைக் கொண்டு, அவ்வாண்டின் மே மாத இறுதி இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கபவர் இம்முறையை ஆராய்ந்து, இதன் வேர்கள் பண்டைய பாபிலோனியக் கணக்கு மரபு வரை செல்வதாக எடுத்துரைத்தார்.

41 வினாடியை மட்டும் கூறி 52 நிமிடத்தை மறைத்தால் அது வரலாறு ஆகாது. 52 நிமிடத்தை மட்டும் கூறி, ஏடுமின்றி எழுத்தாணியுமின்றி ஒரு மனிதர் நினைவிலிருந்தே கிரகணத்தைக் கணித்த அருமையை மறைத்தாலும் வரலாறு ஆகாது. நிலவைப் பாம்பு பற்றுவதாகச் சங்கப் புலவர்கள் பாடிய அதே நிகழ்வை எண்களாகக் கண்ட மரபும் நம்மிடம் இருந்தது. அம்மரபின் நோக்கம் கிரகணம் எப்போது வரும் என்று அறிவது. மறைக்கும் பொருளின் இயல்பை மறைப்பிலிருந்தே அறிவது வேறொரு கேள்வி. அக்கேள்வி பிறந்த இடங்களுள் ஒன்று இங்கிலாந்தின் யார்க் நகரம்.

3. இமைக்கும் விண்மீன்

யார்க் நகரில் வாழ்ந்த சான் குட்ரிக் சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தவர். பெர்சியசு என்னும் விண்மீன் தொகுதியில் அல்கோல் என்ற விண்மீன் உண்டு. அதன் ஒளி சில மணி நேரத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து மீண்டும் பழைய நிலையை அடைவதை அவர் வெறுங்கண்ணால் தொடர்ந்து கவனித்தார். இம்மாற்றம் 2 நாள் 21 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் தவறாது திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. 1783இல், 18 வயதில், அவர் இலண்டன் அரச கழகத்துக்குத் தம் கண்டுபிடிப்பைத் தெரிவித்தார். கரிய பொருள் ஒன்று அவ்விண்மீனைச் சுற்றிவந்து அதனை மறைப்பது காரணமாகலாம் என்று அவர் கருதினார். அவ்வாண்டே கழகத்தின் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1786இல், 21 வயதில், அவர் மறைந்தார்.

அவருடைய கருத்து உறுதிப்பட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1889இல் செருமானிய வானியலாளர் எர்மன் போகல், அல்கோலின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்து, அது மற்றொரு பொருளோடு சேர்ந்து சுழல்வதை மெய்ப்பித்தார். மறைத்தது கோளன்று, ஒளி குன்றிய மற்றொரு விண்மீன். ஆயினும் முறை நிலைபெற்றுவிட்டது. ஒளிக்குறைவு காலந்தவறாமல் திரும்பி வருமானால் சுற்றிவரும் பொருள் ஒன்று உண்டு என்று ஐயுறலாம். குறைவின் ஆழம் அதன் அளவைக் கூறும். இடைவெளி அதன் சுற்றுக்காலத்தைக் கூறும். இன்றைய புறக்கோள் ஆய்வின் அடிப்படை இலக்கணம் இதுவே.

4. நிழலுக்குள் நிறமாலை

ஒளி எவ்வளவு குறைந்தது என்பதோடு, எந்த நிறம் குறைந்தது என்றும் கேட்கலாம். ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தால் நிறமாலை தோன்றும். ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கும். இவ்வறிவைக் கிரகணத்தோடு இணைத்த பெருநிகழ்ச்சி 1868 ஆகஸ்ட் 18ஆம் நாளின் முழுச் சூரிய கிரகணம். ஆந்திரப் பகுதியின் குண்டூரில் பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் சான்சன், கதிரவனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகள் வாயுவால் ஆனவை என்பதை நிறமாலையால் அறிந்தார். அவ்வாண்டில் பதிவான ஒரு மஞ்சள் கோடு, அதுவரை அறியப்படாத ஈலியம் என்னும் தனிமத்துக்கு உரியது எனப் பின்னர் தெரிந்தது. பூமியில் அத்தனிமம் 1895இல்தான் இனங்காணப்பட்டது. ஒரு பொருளைத் தொடாமலேயே அது எதனால் ஆனது என்று கூற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த நிழல் நம் வட்டாரத்தையும் கடந்தது. மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியில் வாக்கோ என்னும் இடத்தில் அக்கிரகணம் தெரியும் என்று சயாம் மன்னர் மோங்குட் தாமே கணித்தார். அதனைக் காண அயல்நாட்டு விருந்தினர்களையும் அழைத்தார். சிங்கப்பூரிலிருந்து நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஆரி ஆர்டும் சென்றிருந்தார். மன்னரின் கணிப்பு மெய்யாயிற்று. ஆனால் அங்குத் தொற்றிய மலேரியாக் காய்ச்சலால் அவர் அக்டோபர் முதல் நாள் உயிர் நீத்தார்.

இதே கிரகணத்தை ஆய்ந்த சென்னை வானாய்வுக்கூடக் குழுவில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவரும் இருந்தார். 1874ஆம் ஆண்டு வெள்ளிக் கடப்பை முன்னிட்டு அவர் ஒரு விளக்க நூலை எழுதினார். ஆங்கிலத்தோடு நில்லாமல் கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் அது உரையாடல் வடிவில் வெளிவந்தது. வானியலை மக்கள் மொழியில் சொல்லும் பொறுப்பை ஆய்வாளரே ஏற்ற முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

5. ஒரு விழுக்காட்டுக் குறைவு

விண்மீன்களைச் சுற்றும் கோள்களை இவ்வழியில் காணலாம் என்று 1952இல் ஓட்டோ சுத்ரூவே ஒரு சிறு கட்டுரையில் எடுத்துரைத்தார். வியாழனைப் போன்ற பெருங்கோள் தன் விண்மீனுக்கு மிக அருகில் சுற்றிவந்தால், விண்மீனின் அசைவாலும், கோள் ஏற்படுத்தும் மறைப்பாலும் அதனைக் கண்டறியலாம் என்பது அவர் கருத்து. நம் கதிரவ மண்டலத்தில் பெருங்கோள்கள் தொலைவில்தான் உள்ளன. ஆகவே அருகில் தேடும் எண்ணம் நெடுநாள் வேரூன்றவில்லை.

1995இல் மிசேல் மேயரும் திதியே குவெலோசும் 51 பெகாசி என்ற விண்மீனின் அசைவைக் கொண்டு, அதனை நான்கு நாள்களுக்குச் சற்று மேல் ஒருமுறை சுற்றும் பெருங்கோளைக் கண்டறிந்தனர். 2019இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. விண்மீனின் அசைவு கோளின் நிறையைப் பற்றி மட்டுமே கூறும். அதன் பருமனைக் கூறாது. பருமனை அறியக் கடப்பு வேண்டும்.

அது 1999 செப்டம்பரில் கிட்டியது. டேவிட் சார்போனோவும் திமொதி பிரவுனும் எச்.டி. 209458 என்ற விண்மீனை ஆராய்ந்தனர். அவர்கள் பயன்படுத்திய தொலைநோக்கியின் வாய் 10 சென்டிமீட்டரே. ஏற்கனவே அசைவால் அறியப்பட்ட கோள், எதிர்பார்த்த நேரத்தில் விண்மீனின் ஒளியை ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு குறைத்தது. கிரெகரி என்றி தலைமையிலான மற்றொரு குழுவும் இதனைத் தனியே கண்டது. நிறையும் பருமனும் தெரிந்ததால் அடர்த்தி தெரிந்தது. அக்கோள் நீரைவிட இலேசானது. எனவே வாயுக்கோள் என்பது உறுதியாயிற்று.

பூமியைப் போன்ற சிறிய கோளைக் காண்பது இதைவிடப் பன்மடங்கு அரிது. பூமியின் விட்டம் கதிரவனின் விட்டத்தில் 109இல் ஒரு பங்கு. மறைக்கப்படும் பரப்போ அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஒளி ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கே குறையும். அதுவும் கோளின் பாதை நம் பார்வைக் கோட்டோடு பொருந்த வேண்டும். பூமி போன்ற பாதையில் அவ்வாறு பொருந்துவது ஏறத்தாழ இருநூறில் ஒரு விண்மீனுக்கே வாய்க்கும். ஆகவே ஓரிரு விண்மீன்களைப் பார்ப்பது பயன் தராது. இலட்சக்கணக்கில் பார்க்க வேண்டும்.

இக்கணக்கை அடிப்படையாகக் கொண்டு வில்லியம் பொருக்கி 1984 முதல் ஒரு விண்வெளித் தொலைநோக்கிக்காக வாதாடினார். அவர் குழுவின் முன்மொழிவை நாசா நான்கு முறை மறுத்தது. ஒவ்வொரு மறுப்புக்குப் பின்னும் எழுப்பப்பட்ட ஐயத்துக்குச் சோதனையால் விடை கண்டு அவர்கள் மீண்டும் விண்ணப்பித்தனர். ஐந்தாம் முறை, 2001இல், ஒப்புதல் கிடைத்தது. கெப்ளர் என்று பெயர் பெற்ற அத்தொலைநோக்கி 2009 மார்ச்சில் ஏவப்பட்டது. வானத்தின் ஒரே பகுதியில் 1,50,000க்கும் மேற்பட்ட விண்மீன்களை இமைக்காமல் கவனித்தது. 2018இல் பணி முடிவதற்குள் அதன் தரவுகளால் 2,600க்கும் மேற்பட்ட புறக்கோள்கள் உறுதியாயின.

உறுதியாயின என்ற சொல்லை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஒளிக்குறைவு கண்டவுடன் கோள் என்று முடிவு செய்வதில்லை. தொலைவில் உள்ள இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தாலும், அவற்றின் ஒளி வேறொரு விண்மீனின் ஒளியோடு கலந்து கோளின் கடப்பைப் போலத் தோன்றும். குட்ரிக் கண்ட அதே வகைப் பொருள் இங்கு ஆய்வாளரை ஏமாற்றுகிறது. ஆகவே குறைந்தது மூன்று கடப்புகளேனும் வேண்டும் என்ற விதியைக் கெப்ளர் குழு கடைப்பிடித்தது. ஆண்டுக்கொருமுறை சுற்றும் கோளுக்கு அது மூன்று கடப்புகளின் காத்திருப்பு.

6. செந்நிலவு சொன்ன செய்தி

ஒரு கோளின் மேற்பரப்பில் நீர் திரவமாக நிற்கத்தக்க வெப்பம் நிலவக்கூடிய தொலைவை வாழ்தகு மண்டலம் என்கிறோம். 2014இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-186எஃப் அம்மண்டலத்தில் உள்ள, பூமியைவிடப் பத்து விழுக்காடு மட்டுமே பெரிய கோள். ஆனால் இடம் சரியாக இருப்பது மட்டும் போதாது. வெள்ளியும் பூமியும் ஏறத்தாழ ஒரே பருமன் கொண்டவை. வெள்ளியின் தரையில் வெப்பம் 460 பாகை செல்சியசை எட்டுகிறது. அதற்குக் கதிரவனின் அண்மையைவிட அதனை மூடியுள்ள கரியமிலக் காற்றே பெருங்காரணம். எனவே அடுத்த கேள்வி காற்றைப் பற்றியது.

மறைப்பு இங்கும் இரு வகையில் உதவுகிறது. கோள் விண்மீனின் முன்னால் செல்லும்போது, ஒளியின் சிறு பகுதி கோளின் வளிமண்டலத்தினூடே ஊடுருவி நம்மை அடைகிறது. அங்குள்ள வாயுக்கள் தமக்குரிய நிறங்களை விழுங்கிக்கொள்கின்றன. இது லொமொனோசொவ் எண்ணிய அதே பாதை. 2002இல் அபிள் தொலைநோக்கி இவ்வாறு எச்.டி. 209458இன் கோளில் சோடியத்தைக் கண்டது. கோள் விண்மீனின் பின்னால் மறையும்போது மற்றொரு வாய்ப்பு. மறைவதற்கு முன் விண்மீனும் கோளும் சேர்ந்த ஒளி வருகிறது. மறைந்தபின் விண்மீனின் ஒளி மட்டும் வருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கோளின் வெப்பம் தெரிந்துவிடும். 2005இல் இசுபிட்சர் விண்வெளித் தொலைநோக்கி இம்முறையை முதன்முதலில் நிறைவேற்றியது.

உயிர் உள்ள உலகின் நிறமாலை எப்படி இருக்கும்? நாம் அறிந்த ஒரே எடுத்துக்காட்டு பூமி. பூமி கதிரவனைக் கடப்பதை வெளியிலிருந்து நாம் பார்க்க இயலாது. ஆனால் சந்திர கிரகணம் அதற்கு வழி செய்கிறது. முழுக் கிரகணத்தில் நிலவு செந்நிறமாகத் தெரிவது ஏன் என்று மாணவர்களைக் கேட்டால், பூமியின் நிழல் என்பர். நிழல் மட்டுமாயின் நிலவு கருத்திருக்க வேண்டும். பூமியின் வளிமண்டலத்தினூடே வளைந்து சென்ற கதிரவ ஒளியே நிலவைச் சிவப்பாக்குகிறது. அந்த ஒளியில் நம் காற்றின் முத்திரை பதிந்திருக்கும்.

2008 ஆகஸ்ட் 16ஆம் நாள் சந்திர கிரகணத்தின்போது, என்ரிக் பாலியே தலைமையிலான குழு கானரித் தீவுகளின் லா பால்மாவிலிருந்து அச்செந்நிற ஒளியைப் பகுத்தது. உயிர்வளி, ஓசோன், நீராவி, கரியமில வாயு, மீத்தேன் ஆகியவற்றின் தடங்கள் அதில் இருந்தன. 2019 ஜனவரி மாதக் கிரகணத்தில் அபிள் தொலைநோக்கியும் நிலவைக் கண்ணாடியாகக் கொண்டு பூமியின் ஓசோனைப் புற ஊதா ஒளியில் கண்டது. உயிர் உள்ளது என்று உறுதியாகத் தெரிந்த ஓர் உலகில் கருவியையும் முறையையும் சோதித்த பின்னரே, அறியாத உலகுக்கு அவற்றைக் கொண்டு செல்ல வேண்டும் என்ற ஒழுங்கு இதில் உள்ளது.

7. ஏழு கோள்களும் ஒரு பாடமும்

40 ஒளியாண்டுத் தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற குளிர்ந்த செந்நிற விண்மீன் உள்ளது. அதன் விட்டம் கதிரவனின் விட்டத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. வியாழனைவிடச் சற்றே பெரிது. சிலி நாட்டில் உள்ள 60 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றின் உதவியால், பெல்சிய வானியலாளர் மிசேல் சியோன் குழுவினர் 2016இல் அங்கு மூன்று கோள்களை அறிவித்தனர். 2017இல் அவ்வெண்ணிக்கை ஏழாயிற்று. ஏழும் ஏறத்தாழப் பூமியளவு பருமன் உடையவை. ஒன்றரை நாள் முதல் பத்தொன்பது நாள்களுக்குள் சுற்றி முடிப்பவை. மூன்று கோள்கள் வாழ்தகு மண்டலத்தில் உள்ளன. விண்மீன் சிறியதாதலால் பூமியளவுக் கோள் அதன் ஒளியில் ஏறத்தாழ 150இல் ஒரு பங்கை மறைத்துவிடும். 12,000இல் ஒரு பங்கோடு இதனை ஒப்பிட்டால், ஆய்வாளர்கள் சிறிய விண்மீன்களை நாடுவதன் காரணம் விளங்கும்.

2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, இவற்றுள் மிக உள்ளே இருக்கும் கோள் விண்மீனின் பின்னால் மறைவதை அகச்சிவப்புக் கதிரில் அளந்தது. அதன் பகற்பக்க வெப்பம் ஏறத்தாழ 230 பாகை செல்சியசு. வெப்பத்தை மறுபக்கத்துக்குக் கொண்டு செல்லும் காற்று இருந்திருந்தால் அது குறைவாக இருந்திருக்கும். ஆகவே அக்கோள் பெரும்பாலும் காற்றற்ற பாறை என்று முடிவு செய்தனர். அடுத்த கோளின் வெப்பம் ஏறத்தாழ 110 பாகை. வெள்ளியைப் போன்ற கனத்த கரியமிலக் காற்று அங்கு இல்லை.

இவை ஏமாற்றமளிக்கும் செய்திகள் போலத் தோன்றலாம். 40 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒரு பாறையில் காற்று இல்லை என்று கூற முடிவதே பெரிய அறிவு என்பதை மாணவர்களுக்கு உணர்த்த வேண்டும். வாழ்தகு மண்டலத்தில் உள்ள கோள்களைப் பற்றிய ஆய்வு தொடர்கிறது. விண்மீனின் மேற்பரப்பில் உள்ள புள்ளிகளும் நிறமாலையில் கலந்து குழப்புவதால், அங்கு விரைவான முடிவுக்கு இடமில்லை.

அவசரத்தால் விளையும் இடருக்கும் அண்மைக்கால எடுத்துக்காட்டு உண்டு. கே2-18பி என்ற, பூமியைவிட இரண்டரை மடங்கு பெரிய கோளின் காற்றில் மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. பூமியில் கடல்வாழ் நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஒரு வாயுவின் அறிகுறியும் இருப்பதாக அக்குழு 2025இல் கூறியபோது, உயிர் கண்டுபிடிக்கப்பட்டது போன்ற தலைப்புகள் உலகெங்கும் பரவின. அதே தரவை மீண்டும் ஆராய்ந்த பிற குழுவினர், அம்முடிவுக்குச் சான்று போதாது என்று காட்டினர். 41 வினாடியை மட்டும் சொல்லி 52 நிமிடத்தை விட்டுவிடும் பழக்கம் பழம்பெருமை பேசுவோரிடம் மட்டும் காணப்படுவதன்று. புதுமை பேசுவோரிடமும் உண்டு.

8. நிறைவாக

கெப்ளரின் கணிப்பிலிருந்து ஜேம்ஸ் வெப் வரை, கருவிகள் மாறின, கேள்விகள் நுணுகின. முறை ஒன்றே. எப்போது மறையும் என்று முன்னரே கூறு; காத்திரு; குறைந்த ஒளியை அள; பிழையையும் சேர்த்து எழுது. புதுச்சேரியில் சோழிகளைப் பரப்பியவரும் இதன் முதற்படியைச் செய்தவரே. வகுப்பறையில் ஒரு மின்விளக்கு, நூலில் கட்டிய சிறு உருண்டை, ஒளியை அளக்கும் செயலி கொண்ட கைப்பேசி ஆகிய மூன்றும் இருந்தால் மாணவர் இம்முறை முழுவதையும் ஒரு பாடவேளையில் செய்து பார்க்கலாம். உருண்டையின் விட்டத்தை இரு மடங்காக்கினால் ஒளிக்குறைவு நான்கு மடங்காகிறதா என்று அவர்களே அளந்து கூறட்டும். பொருந்தாவிடில் ஏன் என்றும் எழுதட்டும்.

இறுதியாக ஒன்று. நாம் பிறரைப் பார்க்கும் இவ்வழி, பிறர் நம்மைப் பார்க்கவும் திறந்தே உள்ளது. லிசா கால்டெனெகரும் சாக்கி ஃபாகெர்டியும் 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். நமக்கு 326 ஒளியாண்டுக்குள் உள்ள விண்மீன்களில் 1,715, கடந்த 5,000 ஆண்டுகளில் ஏதேனும் ஒரு காலத்தில், பூமி கதிரவனைக் கடப்பதைக் காணத்தக்க இடத்தில் இருந்துள்ளன. அங்கிருந்து எவரேனும் பார்த்திருந்தால், ஆண்டுக்கொருமுறை ஏறத்தாழ 13 மணி நேரம் கதிரவனின் ஒளி 12,000இல் ஒரு பங்கு குறைவதைக் கண்டிருப்பர். குறைந்த அந்த ஒளியில் நம் கடல்களும் காடுகளும் நம் மூச்சுக் காற்றும் அடங்கியுள்ளன.